தகுதி கேட்ட சுத்தியல்

காமிக்ஸின் கதை: 17ஆம் பகுதி

1962 ஆகஸ்ட் மாதத் தேதியுடன் அமெரிக்கக் கடைகளுக்கு வந்த 'ஜர்னி இன்டு மிஸ்டரி' 83ஆம் இதழின் விலை 12 சென்ட். பத்து ஆண்டுகளாகப் பூதங்களையும் வேற்றுக்கிரகவாசிகளையும் வைத்தே பிழைப்பை ஓட்டிக்கொண்டிருந்த பத்திரிகை அது. அந்த இதழிலும் சனிக்கிரகத்திலிருந்து கல் மனிதர்கள் நார்வேயில் வந்து இறங்குகிறார்கள். விடுமுறைக்கு அங்கே போயிருந்த டாக்டர் டொனால்ட் பிளேக், ஒரு கால் ஊனமானவர், அவர்களிடமிருந்து தப்பி ஓடுகிறார். ஓட்டத்தில் கைத்தடி தொலைந்துபோகிறது. குகைக்குள் ஒளிந்தால் வெளியேறும் வழியைப் பெரும்பாறை ஒன்று மறித்திருக்கிறது. உள்ளே கிடந்த பழைய தடியைக் கொடுத்து நெம்பிப் பார்க்கிறார், பாறை அசையவில்லை. ஆத்திரத்தில் தடியைப் பாறைமேல் ஓங்கி அடிக்கிறார். மின்னல் வெட்டுகிறது. டாக்டர் நின்ற இடத்தில் பொன்னிறத் தலைமுடியும் சிறகு வைத்த தலைக்கவசமுமாகத் தோர் நிற்கிறான். தடி இருந்த கையில் சுத்தியல் இருக்கிறது. தகுதி உள்ளவர் யார் இதைப் பிடித்தாலும் தோரின் வலிமை அவருக்கு வந்துசேரும் என்று அந்தச் சுத்தியலின் பக்கவாட்டில் செதுக்கியிருக்கிறது.

ஸ்டான் லீ கதைக்கரு சொல்ல, அவருடைய தம்பி லாரி லீபர் வசனம் எழுத, ஜாக் கிர்பி வரைந்த கதை இது. டாக்டரைத் தோராக்குவதற்கு ஒரு காரணம் வேண்டும் என்பதற்காகச் சேர்த்த வாசகம் என்றுதான் முதல் வாசிப்பில் தோன்றும். ஆனால் அதற்குள் பெரியதொரு நிபந்தனை ஒளிந்திருந்தது. புராணங்களில் பொதுவாக ஆயுதம் தெய்வத்துக்கு அடங்கியது. இங்கே தெய்வம் ஆயுதத்துக்கு அடங்கியது. ஓடினின் மகன், தெய்வ உலகமான அஸ்கார்டின் இளவரசன், இடிக்குத் தலைவன் என்ற பட்டங்களெல்லாம் இருந்தும், தகுதி இல்லாத நாளில் தோரால் தன் சுத்தியலையே தூக்க முடியாது. பிறப்பால் வந்த அதிகாரத்தை நடத்தையால் நாள்தோறும் ஈட்டவேண்டிய அதிகாரமாக இந்த ஒரு வாசகம் மாற்றிவிட்டது. தெய்வத்தின் அதிகாரம் எங்கிருந்து வருகிறது, அதை யார் கேள்வி கேட்கலாம் என்று அமெரிக்க வெகுஜன எழுத்து மிகத் தீவிரமாகச் சிந்தித்த இடங்களில் ஒன்றாகத் தோர் கதைகள் வளர்ந்ததற்கு இந்த வாசகமே காரணம் என்பது என் வாதம். சூப்பர்மேனைக் கடவுளோடு ஒப்பிட்டு நிறைய எழுதியிருக்கிறார்கள். ஆனால் சூப்பர்மேன் கடவுளைப் போன்றவன்தான், தோர் கடவுளேதான். ஆகவே கேள்வி இவனிடத்தில்தான் நேராக வந்து நிற்கிறது.

இந்த நிபந்தனை வட ஐரோப்பாவின் பழைய வடநாட்டுப் புராணத்தில் இருந்து எடுத்ததல்ல என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். 13ஆம் நூற்றாண்டு ஐஸ்லாந்தில் ஸ்னோரி ஸ்டுர்லுசன் தொகுத்த எட்டாவில், சுத்தியலைக் குள்ளர்கள் உலையில் வார்க்கிறார்கள். குறும்புத் தெய்வமான லோகி ஈயாக உருமாறி வந்து, துருத்தி ஊதுபவனைக் கடித்துத் தொல்லை கொடுத்ததால் கைப்பிடி குட்டையாகிவிடுகிறது. அதைப் பிடிக்கத் தோருக்கு இரும்புக் கையுறைகள் வேண்டும். வலிமை கூட்ட இடைவார் வேண்டும். தகுதி என்ற பேச்சே அங்கில்லை. இன்னொரு பழம்பாட்டில் திரிம் என்ற அரக்கன் சுத்தியலைத் திருடிப் பூமிக்கடியில் புதைத்துவிட்டு, பிரேயா தேவியை மணமுடித்துக் கொடுத்தால்தான் தருவேன் என்கிறான். தோர் மணப்பெண் வேடம் போட்டுப் போகிறான். மணமகளை ஆசீர்வதிக்கச் சுத்தியலைக் கொண்டுவந்து மடியில் வைத்ததும் அதைப் பற்றி அரக்கர் கூட்டத்தையே அழிக்கிறான். அரக்கன் தூக்க முடிந்த சுத்தியல் அது. உலகம் அழிந்து மறுபடி தளிர்க்கும்போது அது தோரின் மகன்கள் மேக்னி, மோதி இருவர் கைக்கும் போய்ச்சேரும் என்றும் பழம்பாடல் சொல்கிறது. தகப்பன் சொத்து மகனுக்கு என்ற கணக்குதான் அது.

கிர்பியின் கையிலேயே இந்தச் சுத்தியல் படிப்படியாக மாறியதைப் பார்க்கலாம். 1942இல் ஜோ சைமனுடன் சேர்ந்து 'அட்வென்சர் காமிக்ஸ்' 75ஆம் இதழில் அவர் தோர் என்ற பெயரில் ஒரு வில்லனை வரைந்தார். 1957இல் 'டேல்ஸ் ஆஃப் தி அன்எக்ஸ்பெக்டட்' 16ஆம் இதழில் மந்திரச் சுத்தியல் பற்றி இன்னொரு கதை. அங்கே கையில் கிடைத்த சாதாரண மனிதன் அதைத் தூக்கி மழையை வரவழைக்கலாம். தோர் வந்து தன் பொருளைத் திரும்ப வாங்கிக்கொண்டு போவான். ஐந்தே ஆண்டில் அந்தப் பொருள் பூட்டுப் போட்ட பொருளாகிவிட்டது. அந்தப் பூட்டுக்குச் சாவி ஒழுக்கம். இடையில் என்ன நடந்தது?

இரண்டு காரணங்களை முன்வைக்கலாம். ஒன்று கண்முன் தெரிவது. 1954இல் காமிக்ஸ் குழந்தைகளைக் கெடுக்கிறது என்று டாக்டர் பிரெட்ரிக் வெர்த்தாமின் புத்தகமும் அமெரிக்க செனட்டின் விசாரணையும் எழுப்பிய புயலுக்குப் பிறகு, பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு தணிக்கை விதியைப் போட்டுக்கொண்டார்கள். எந்த மதத்தையும் இனத்தையும் கேலி செய்யவோ தாக்கவோ கூடாது என்பது அதில் ஒரு விதி. தேவாலயமும் ஜெபக்கூடமும் நிறைந்த நாட்டில், உயிரோடு இருக்கும் மதத்தின் கடவுளைத் தொடும் துணிவு எந்தப் பதிப்பாளருக்கும் இல்லை. ஹல்க்கைவிட வலிமையான ஒருவன் வேண்டும், மனிதரில் அப்படி யாரும் இருக்க முடியாது, எனவே கடவுளை எடுத்தேன், கிரேக்க ரோமானியத் தெய்வங்கள் பழகிப்போனவை என்பதால் வடநாட்டுக்குப் போனேன் என்று ஸ்டான் லீ பிற்காலத்தில் சொன்னார். தோர் தன் சொந்தக் கற்பனை என்று கிர்பியும் உரிமை கொண்டாடினார். அந்த வழக்கை இங்கே தீர்க்க வேண்டியதில்லை. யார் தொடங்கியிருந்தாலும், வாசகர்களின் ஒரே கடவுளோடு மோதாதபடி தோரின் தெய்வத்தன்மைக்கு ஒரு வரம்பு தேவைப்பட்டது. தகுதி என்ற நிபந்தனை அந்த வரம்பானது.

இரண்டாவது காரணம் ஆழமானது. என் ஊகமும் அதில் கலந்திருக்கிறது. ஜாக் கிர்பியின் இயற்பெயர் ஜேக்கப் கர்ட்ஸ்பெர்க். நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடில், ஆஸ்திரியாவிலிருந்து குடியேறிய யூதப் பெற்றோருக்கு 1917இல் பிறந்தவர். ஸ்டான் லீயும் லாரி லீபரும் யூதக் குடும்பத்துப் பிள்ளைகள். அமெரிக்கா போருக்குள் நுழையும் முன்பே, ஹிட்லரின் தாடையில் கேப்டன் அமெரிக்கா குத்துவிடும் அட்டைப்படத்தை வரைந்தவர் கிர்பி. 1944இல் காலாட்படை வீரராகப் பிரான்ஸ் போர்முனையில் நின்றவர். அவர் எதிர்த்துப் போரிட்ட ஆட்சி, வடநாட்டுத் தெய்வங்களையும் ரூன் எழுத்துகளையும் தன் இனவெறிக்கு அணிகலனாகப் பூட்டிக்கொண்டிருந்தது. எஸ்எஸ் படையின் சின்னமே இரண்டு ரூன் எழுத்து. பொன்னிறத் தலைமுடி, நீலக்கண், தெய்வ வம்சம் என்று ரத்தத்தை வைத்து மேன்மை பேசியவர்களின் தெய்வத்தை எடுத்து, அவன் கையில் இருக்கும் ஆயுதத்திலேயே ரத்தத்துக்கு மதிப்பில்லை, தகுதிக்கே மதிப்பு என்று எழுதிவைத்தார்கள் மூன்று யூதர்கள். மூவரும் இதை எண்ணித்தான் செய்தார்களா என்று கேட்டால், அப்படி அவர்கள் எழுதிவைத்த சான்று எதையும் என்னால் காட்ட முடியாது. ஆனாலும் படைத்தவரின் எண்ணத்தைத் தாண்டி நிற்கும் உண்மை ஒன்று உண்டு: இனத்தை நம்புகிற எவனும் இந்த வாசகத்தை ஏற்க முடியாது. 2011இல் வந்த தோர் திரைப்படத்தில் வடநாட்டுத் தெய்வமான ஹைம்டால் வேடத்தில் கறுப்பினத்தவரான இட்ரிஸ் எல்பா நடிக்கிறார் என்றதும், வெள்ளையர் மேன்மை பேசும் அமெரிக்க அமைப்பு ஒன்று படத்தைப் புறக்கணிக்கச் சொன்னது. அவர்கள் காக்க நினைத்த தோர் 1962லேயே அவர்களை விட்டுப் போய்விட்டான் என்பதை அவர்கள் கவனிக்கவில்லை.

'ஜர்னி இன்டு மிஸ்டரி' பத்திரிகை 1966 மார்ச் இதழிலிருந்து தோரின் பெயரிலேயே வரத் தொடங்கியது. 1968 டிசம்பர் தேதியிட்ட 159ஆம் இதழில் லீயும் கிர்பியும் ஒரு பழைய சிக்கலை அவிழ்த்தார்கள். டாக்டர் பிளேக்தான் உண்மையா, தோர்தான் உண்மையா? அகந்தை பிடித்த மகனுக்குப் பணிவு கற்றுக்கொடுக்க, ஓடின் அவன் நினைவை அழித்து ஊனமுற்ற மனிதனாக்கிப் பூமிக்கு அனுப்பினான். பிளேக் என்று தனியாக ஒருவன் இருந்ததே இல்லை என்றது அந்த இதழ். நோயாளியின் படுக்கையருகே நின்றுதான் கடவுள் கடவுளாகக் கற்றுக்கொண்டான் என்பது அழகான கருத்து. ஆனால் அந்த அழகுக்கு ஒரு மனிதனைப் பலி கொடுத்தார்கள். ஆறு ஆண்டுகள் வாசகர்கள் நேசித்த டாக்டர், ஒரு தெய்வத்தின் பாடத்திட்டமாகச் சுருங்கிப்போனார். அந்த அநீதியைக் காமிக்ஸ் மறக்கவில்லை என்பது எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த விஷயம். 2020, 2021 ஆண்டுகளில் டானி கேட்ஸ் எழுத, நிக் கிளைன் வரைந்த கதையில் பிளேக் திரும்பி வருகிறான். தோர் வெளியே உலவிய காலமெல்லாம் தான் வாழ்ந்தது ஒரு பொய்ச் சொர்க்கம், தன் ஊரும் நண்பர்களும் வெறும் ஜோடனை என்று கண்டுபிடித்துப் பித்துப்பிடித்தவனாக வருகிறான். தோரின் வலிமையில் பங்கு பெற்ற ஒவ்வொருவரையும் வேட்டையாடுகிறான். கதை அவனை வில்லனாக்கி அடக்கிவிடுகிறது. என்றாலும், ஒருவரைப் பயன்படுத்திவிட்டுத் தூக்கியெறியும் உரிமையைக் கடவுளுக்கு யார் கொடுத்தார்கள் என்ற அவன் கேள்வி அடங்கவில்லை. அந்த இதழ்களில் அதற்குப் பதிலும் இல்லை.

இந்த இடத்தில் வலுவான ஓர் ஆட்சேபம் எழும். தகுதி தகுதி என்கிறீர்கள். தகுதியைத் தீர்மானிப்பது யார்? மந்திரத்தைப் போட்டவன் ஓடின். ஆகவே இது அப்பன் மகனுக்குப் போட்ட வீட்டுச்சட்டம். அதிகாரம் ரத்தத்தை விட்டு எங்கும் போகவில்லை. 1960களின் கதைகளைப் பொறுத்தவரை இந்த ஆட்சேபம் சரியே. ஓடின் கோபம் வந்தால் வலிமையைப் பறிப்பான், மனம் இரங்கினால் திருப்பிக் கொடுப்பான். அந்த வட்டத்தை முதலில் உடைத்தவர் வால்ட் சைமன்சன். 1983 நவம்பர் தேதியிட்ட 337ஆம் இதழை அவரே எழுதி வரைந்தார். அட்டையில் தோரின் பெயர்ப்பலகையையே அடித்து நொறுக்கிக்கொண்டு வருபவன் தோர் அல்ல. தோரின் உடையில், குதிரை முகமும் ஆரஞ்சு நிறத் தோலும் கொண்ட ஒரு வேற்றுக்கிரகவாசி. பெயர் பீட்டா ரே பில். தாயகம் அழிந்து விண்வெளியில் அலையும் தன் மக்களுக்குக் காவலனாக, தன் உடலை மாற்றியமைக்கச் சம்மதித்தவன் அவன். தோருடன் மோதும்போது தடியாக மாறித் தரையில் கிடந்த சுத்தியலை எடுக்கிறான், ஓங்கி அடிக்கிறான், வலிமை அவனுக்கு வருகிறது. தெய்வ வம்சமும் இல்லை, மனித உருவமும் இல்லை, அஸ்கார்டின் பெயர்கூட அவனுக்குத் தெரியாது. ஓடின் இருவரையும் மோதவிடுகிறான். பில் வெல்கிறான், ஆனாலும் மயங்கிக் கிடக்கும் தோரைக் கொல்லாமல் காப்பாற்றுகிறான். கடைசியில் ஓடின் அவனுக்கென்று தனியாக இன்னொரு சுத்தியல் செய்துதரும் நிலை வருகிறது. மந்திரம் போட்டவனே அதன் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டான் என்பதுதான் இதில் முக்கியம். விருப்பப்படி வளைக்க முடிகிற வரைக்கும்தான் அது வீட்டுச்சட்டம். போட்டவனையும் கட்டுப்படுத்தத் தொடங்கியதும் அது பொதுச்சட்டம்.

தெய்வத்தை மக்கள் கும்பிடத் தொடங்கினால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு இருபது ஆண்டுகள் கழித்துத்தான் தோர் கதை வந்து சேர்ந்தது. ஓடின் இறந்து தோர் அரசனாகிறான். அஸ்கார்டை நியூயார்க் நகரத்துக்கு மேலே கொண்டுவந்து நிறுத்துகிறான். நோய் தீர்க்கிறான், பசி தீர்க்கிறான். அவனை வழிபடும் கூட்டம் பெருகுகிறது. வழிபடுவோரை ஒரு நாட்டு அரசு ஒடுக்கும்போது படையோடு அங்கே தலையிடுகிறான். அயர்ன்மேன் முதலான பழைய தோழர்கள் எதிரே வந்து நிற்கிறார்கள். டான் ஜர்கென்ஸ் எழுதிய இந்தக் கதை 2003, 2004 ஆண்டுகளில் எதிர்காலத்துக்குத் தாவுகிறது. பூமி முழுவதும் தோரின் ஆட்சி. அமைதியும் இருக்கிறது, சிறைகளும் இருக்கின்றன. அந்த ஆட்சியில் தோரால் தன் சுத்தியலைத் தூக்க முடியவில்லை. அவன் மகன் மேக்னி தூக்குகிறான். பழம்பாட்டில் வாரிசு என்பதால் சுத்தியல் பெற்ற அதே மேக்னி, இங்கே தகப்பனின் ஆட்சி சரியா என்று சந்தேகிக்கத் தொடங்கியதால் பெறுகிறான். அமெரிக்கா ஈராக்குக்குள் படையோடு புகுந்து நன்மை செய்யத்தான் வந்தோம் என்று சொல்லிக்கொண்டிருந்த நாட்களில் இது வெளிவந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நல்லது செய்கிறேன் என்ற நம்பிக்கை மட்டும் தகுதியாகிவிடாது என்று சுத்தியல் தீர்ப்புச் சொன்னது. கலையளவில் இந்தக் கதை சைமன்சனின் உயரத்தைத் தொடவில்லை. ஆனால் துணிவில் அதற்குக் குறைந்ததல்ல.

தலையிட்டால் இப்படி என்றால், தலையிடாவிட்டால்? மைக்கேல் ஸ்ட்ராஜின்ஸ்கி எழுத, ஒலிவியே குவாபெல் வரைய 2007இல் புதிதாகத் தொடங்கிய வரிசையின் 3ஆம் இதழில், தோர் கத்ரீனா புயல் சிதைத்த நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் நடந்துபோகிறான். இடியையும் மழையையும் ஆள்பவன், மழையும் வெள்ளமும் அழித்த ஊரில் நிற்கிறான். அவ்வளவு வலிமையுள்ளவர்கள் அத்தனை பேரும் அப்போது எங்கே போனார்கள் என்ற கேள்வி அவன்முன் வைக்கப்படுகிறது. அந்த நாளில் தான் உலகில் இல்லாமல் போனதை நினைத்து வருந்துகிறானே தவிர, தன்னைக் காத்துக்கொள்ள அவனிடம் வாதம் ஏதும் இல்லை. 2005இல் உண்மையாகவே செத்த மக்களின் ஊரில் ஒரு கற்பனைத் தெய்வத்தை நிறுத்துவது மலிவான வேலையாகப் போய்விடக்கூடும். தெய்வத்துக்கு ஆறுதல் தராமல் அவமானத்தைத் தந்ததால் அந்தப் பக்கங்கள் தப்பித்தன.

இந்தக் கேள்விகள் எல்லாம் ஜேசன் ஆரனின் எழுத்தில் ஒன்றுகூடின. அலபாமாவில் தெற்கத்திய பாப்டிஸ்ட் சபையில் வளர்ந்து, பிறகு நாத்திகரானவர் அவர். 2012 நவம்பரில் தொடங்கிய 'தோர்: காட் ஆஃப் தண்டர்' வரிசையின் முதல் இதழை எசாட் ரிபிச் ஓவியம்போல் தீட்டியிருக்கிறார். இண்டிகார் என்ற கிரகத்தில் வறட்சி. ஒரு சிறுமி வானத்தைப் பார்த்து வேண்டிக்கொள்கிறாள். விண்வெளியின் எங்கோ இருந்து அந்த வேண்டுதல் தோரின் காதில் விழுகிறது. வந்து மழை பெய்விக்கிறான். மக்கள் விருந்து வைக்கிறார்கள். உங்கள் தெய்வங்கள் எங்கே என்று கேட்கிறான். எங்களுக்குத் தெய்வமே கிடையாது என்கிறார்கள். தெய்வமில்லாத ஊரே இருக்க முடியாது என்று தேடிப் போகிறவன், மேகங்களுக்கு மேலே அவர்களின் தெய்வங்கள் அத்தனையும் கொன்று போடப்பட்டிருப்பதைக் காண்கிறான். கொன்றவன் கோர். பாலைவனம் போன்ற ஒரு கிரகத்தில் தாயையும் மனைவியையும் பிள்ளைகளையும் ஒவ்வொருவராகப் பறிகொடுத்து, வேண்டி வேண்டிப் பதில் கிடைக்காமல் நம்பிக்கையை விட்டவன். விட்ட பிறகு அவன் கண்முன்னே இரண்டு தெய்வங்கள் ஒன்றையொன்று குத்திக்கொண்டு வானத்திலிருந்து விழுகின்றன; அவற்றில் ஒன்று அவனிடமே உதவி கேட்கிறது. தெய்வங்கள் உண்டு, ஆனால் வரவில்லை என்று தெரிந்த அந்தக் கணத்தில்தான் அவன் கொலைகாரனாகிறான். தெய்வம் இல்லை என்பதைவிட, இருந்தும் வரவில்லை என்பது அவனுக்குப் பெரிய காயம். துயரத்தில் கைவிடப்பட்டதாக உணர்ந்த எவருக்கும் கோரின் கோபம் புரியும். ஆரன் அதைக் கொஞ்சமும் மட்டம் தட்டாமல் எழுதியிருக்கிறார். 2022இல் வந்த திரைப்படம் இதே கோரை எடுத்துக்கொண்டு, சுற்றிலும் சிரிப்பை நிரப்பி, அவன் கேள்வியின் கனத்தைக் குறைத்துவிட்டது என்பது என் வருத்தம்.

கோர் தோற்கிறான், வாதம் தோற்கவில்லை. 2014இல் 'ஒரிஜினல் சின்' 7ஆம் இதழில் உளவாளி நிக் ஃப்யூரி தோரின் காதில் ஏதோ முணுமுணுக்கிறார். சுத்தியல் நிலவின் தரையில் விழுகிறது. அதன்பின் தோரால் அதை அசைக்கவும் முடியவில்லை. என்ன சொன்னார் என்பதை ஆரன் 2017 வரை வெளியிடவில்லை. கோர் சொன்னது சரிதான் என்பதே அந்தச் செய்தி. தெய்வங்கள் வழிபாட்டுக்குத் தகுதியற்றவை என்று தோருக்கு உள்ளுக்குள் ஏற்கெனவே தெரிந்திருந்ததால்தான் அது அவனை உடைத்தது. சுத்தியல் நிலவில் கிடந்தபோது ஓடினே போய்த் தூக்கிப் பார்க்கிறான். முடியவில்லை. மந்திரத்தைப் போட்டவன், அண்டங்களுக்கெல்லாம் தந்தை என்று பட்டம் கொண்டவன், வாசகர்கள் முன்னால் திணறுகிறான். தகுதியைத் தீர்மானிப்பது ஓடின்தானே என்ற ஆட்சேபத்துக்கு, ஐம்பது ஆண்டுகள் கழித்து, ஒரே காட்சியில் பதில் வந்தது.

அதைத் தூக்கியவள் ஜேன் ஃபாஸ்டர். 1960களில் டாக்டர் பிளேக்கின் மருத்துவமனையில் நர்ஸாக வந்து, காதலித்து, காத்திருந்து, கண்ணீர் விட்டதைத் தவிர வேறு வேலை கொடுக்கப்படாத பெண். இப்போது அவளுக்கு மார்பகப் புற்றுநோய். ரசல் டாட்டர்மன் வரைந்த அந்தப் பக்கங்களில் இரண்டு உடல்கள் மாறி மாறி வருகின்றன: கீமோதெரபியால் முடி உதிர்ந்து, எலும்பு தெரிய மெலிந்த ஜேன், சுத்தியலைத் தொட்டதும் நிமிர்ந்து நிற்கும் தோர். கொடூரம் என்னவென்றால், ஒவ்வொரு முறை அவள் தோராகும்போதும் உடலில் ஏறிய மருந்தை விஷம் என்று கருதி அந்த மாற்றம் வெளியேற்றிவிடுகிறது. புற்றுநோய் மட்டும் தங்கிவிடுகிறது. தெய்வமாகும் ஒவ்வொரு தடவையும் சாவை நோக்கி ஒரு படி. தெரிந்தேதான் தூக்குகிறாள். 2018இல் 'மைட்டி தோர்' 705ஆம் இதழில், மேங்காக் என்ற பூதம் அஸ்கார்டை அழிக்க வருகிறது. ஓடின் கொன்று குவித்த கோடிக்கணக்கான உயிர்களின் வெறுப்பு திரண்டு உருவானது அது; லீயும் கிர்பியும் 1968இலேயே படைத்தது. தெய்வங்களுக்கு எதிரான நியாயமான வழக்கு அந்தப் பூதம் என்றே சொல்லலாம். ஜேன் அதைச் சுத்தியலோடு பிணைத்துச் சூரியனுக்குள் எறிகிறாள். சுத்தியல் போன பிறகு அவளுக்கு மிஞ்சுவது நோயுற்ற உடல் மட்டுமே. தன்னை வெறுத்த ஓடினையும் சேர்த்துத்தான் காப்பாற்றுகிறாள். காப்பாற்றப்படுபவர் தகுதியானவரா என்று அவள் பார்க்கவில்லை. சுத்தியல் மற்றவர்களை அளந்த அளவுகோலை அவள் யார்மேலும் வைத்துப் பார்க்கவில்லை என்பதில்தான் அவளுடைய தகுதி இருந்தது என்று நான் படிக்கிறேன்.

இதெல்லாம் வியாபாரம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். 2014 ஜூலையில் தோர் பெண்ணாகப் போகிறாள் என்பதை தோரின் பதிப்பாளரான மார்வெல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில்தான் அறிவித்தது. விற்பனையை உயர்த்த நாயகனை மாற்றுவது அந்தத் தொழிலில் பழைய வழக்கம். உண்மை. ஆனால் எப்போது மாற்றுவது என்பதைத்தான் வியாபாரம் தீர்மானிக்கிறது. எப்படி மாற்றுவது என்பதைக் கதையின் உள்விதி தீர்மானிக்கிறது. பேட்மேன் முகமூடியை வேறொருவர் மாட்டலாம், அதற்கு உடையும் பயிற்சியும் போதும். தோருக்கு மட்டும் ஒவ்வொரு மாற்றமும், பழையவன் ஏன் தகுதி இழந்தான், புதியவர் எப்படித் தகுதி பெற்றார் என்ற கேள்வியைக் கேட்டே தீர வேண்டும். கிறிஸ்தவக் கதையையே வடநாட்டு உடையில் சொல்கிறார்கள் என்பது இன்னொரு ஆட்சேபம்: தந்தை மகனைப் பூமிக்கு அனுப்புகிறார், மகன் மனிதனாகத் துன்பப்படுகிறான். சாயல் இருக்கிறதுதான். ஆனால் கிறிஸ்தவத்தில் மகன் குற்றமற்றவன். பிறர் பாவத்துக்காக வருகிறான். தோர் தன் அகந்தைக்காக அனுப்பப்பட்டவன். சோதிக்கப்பட வேண்டிய கடவுள் என்ற கருத்தே அங்கே நுழைய முடியாது.

செத்த மதத்தின் தெய்வத்தைக் கூண்டில் ஏற்றுவதில் என்ன துணிச்சல் என்பதுதான் இவற்றில் கடினமான ஆட்சேபம். அந்த மதம் முழுக்கச் சாகவில்லை என்று ஒரு பதில் சொல்லலாம். ஐஸ்லாந்தில் பழைய தெய்வங்களை வழிபடும் சபை 1972இல் தொடங்கி, அடுத்த ஆண்டே அரசு அங்கீகாரம் பெற்றது. இறந்த ராணுவத்தினரின் கல்லறைக் கற்களில் பொறிக்க அனுமதித்த மதச்சின்னங்களின் பட்டியலில் அமெரிக்க அரசு 2013இல் தோரின் சுத்தியலையும் சேர்த்தது. ஆனாலும் அவர்கள் சிறுபான்மை. மார்வெல் அவர்களுக்குப் பயந்து எதையும் மாற்றியதில்லை. பெரும்பான்மையின் கடவுளை அந்த நிறுவனம் எப்படி நடத்தியது என்பதில்தான் ஆட்சேபத்தின் உண்மையான எடை இருக்கிறது. 2004இல் 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' 511ஆம் இதழில் மார்க் வெய்டும் மைக் வியரிங்கோவும் நால்வரையும் சொர்க்கத்துக்கே கூட்டிப்போனார்கள். அங்கே வரைபலகை முன்னால் பென்சிலோடு உட்கார்ந்திருக்கும் கடவுளுக்கு ஜாக் கிர்பியின் முகம். அன்பு மிகுந்த காட்சி அது. 1994இல் மறைந்த, தான் படைத்தவற்றின் உரிமைக்காகப் போராடிய கலைஞருக்கு அந்தத் தொழில் செய்த நெகிழ்வான மரியாதை. ஆனால் அந்தக் கடவுளிடம் யாரும் தகுதி கேட்கவில்லை. கோரின் கேள்வியை அந்த அறைக்குள் எடுத்துப்போக எந்த எழுத்தாளரையும் விடவில்லை. தோரையும் ஓடினையும் வாட்டிய சோதனை, உச்சியில் இருப்பவரின் வாசலோடு நின்றுவிட்டது. ஆகவே இந்த ஆட்சேபத்தைப் பாதியளவுக்கு நான் ஒப்புக்கொள்கிறேன்: தெய்வத்தின் அதிகாரத்தை விசாரிக்க அமெரிக்கக் காமிக்ஸுக்கு, தன் வாசகர்கள் கும்பிடாத தெய்வம் ஒன்று தேவைப்பட்டது.

வாசகர்கள் கும்பிடும் கடவுளையே நெருங்கிப்போன முயற்சி வேறொரு நாட்டிலிருந்து வந்தது. அல்லாஹ்வின் 99 திருப்பண்புகளை ஒவ்வொரு நாயகனுக்கும் நாயகிக்கும் பகிர்ந்தளிக்கும் திட்டத்துடன் நயீஃப் அல்-முதவா 2006இல் குவைத்தில் தொடங்கிய 'தி 99' அது. சிலை வைக்காத, உருவம் வரையாத மதத்தின் நம்பிக்கையைப் படக்கதையில் எப்படிக் கொண்டுவந்தார், அதற்கு என்ன விலை கொடுத்தார் என்பது அடுத்த பகுதியில்.

(தொடரும்)